உழைச்செல்வானும் உப்புக் கஞ்சியும்

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நாம் வகுப்பறையில் எத்தனை முறை நடத்தியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தால், இருபதுக்குக் குறையாது. கூடலூர் கிழார் பாடியது, முல்லைத் திணை. புதிதாக இல்லறம் புகுந்த பெண் ஒருத்தி கட்டித் தயிரைத் தன் மெல்விரலால் பிசைகிறாள். அந்தக் கையோடே நெகிழ்ந்த ஆடையைத் திருத்திக் கொள்கிறாள். தாளிப்பின் புகை மையிட்ட கண்களில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிப்புக் குழம்பை, இனிது என்று சொல்லிக் கணவன் உண்கிறான். அவள் முகம் நுண்ணியதாக மலர்கிறது. மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய் பெற்ற தாய்க்குச் சொல்வதாக அமைந்த பாட்டு. மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். நாமும் விரும்பியே நடத்துவோம். ஆனால் தாளிப்புப் புகை கண்ணில் ஏறினால் எப்படியிருக்கும் என்பதை நாம் நாற்பத்தேழாம் வயதில்தான் அறிந்துகொண்டோம்.

அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுவது நன்று. சென்ற ஆவணியில் நம் துணைவியாருக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரங்களுக்குப் பளு தூக்கலாகாது, நெடுநேரம் நிற்கலாகாது என்று மருத்துவர் கூறி வீட்டுக்கு அனுப்பினார். முதல் பத்து நாட்கள் மாமியார் உடனிருந்து பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கும் ஊரில் தவிர்க்க முடியாத வேலை. மகன் வெளியூரில் படிக்கிறான். பதினோராம் நாள் மாலை, வீட்டில் எழுந்து நடமாடக்கூடிய ஆள் நாம் ஒருவரே என்னும் நிலை வந்தது. இரவு எட்டு மணிக்கு அவர் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரைக்கு முன் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

கஞ்சி வைக்க என்ன பெரிய வித்தை வேண்டும் என்பதே அப்போது நம் எண்ணம். படுக்கையில் இருந்தபடியே அவர் சொன்னார்: "ரெண்டு கைப்பிடி நொய்யை எடுத்து வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. தண்ணி தாராளமா விடுங்க. குக்கர்ல வேணாம், பொங்கிடும். மிளகு சீரகம் தட்டிப் போட்டு, உப்பு பார்த்துப் போடுங்க."

இருபத்தொரு ஆண்டுகள் உரைகளோடு பழகிய நமக்கு, உரையே இல்லாத மூலம் ஒன்று கையில் கொடுக்கப்பட்டது போலாயிற்று. கைப்பிடி எவர் கைப்பிடி? அவர் கை சிறியது, நம் கை பெரியது. வாசம் என்பது எந்த வாசம்? தாராளம் என்பது எத்தனை தம்ளர்? உப்பு 'பார்த்து' என்றால் எதைப் பார்த்து? ஒவ்வொன்றையும் கேட்கக் கூச்சமாக இருந்தது. நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே, வேண்டாம் என்று சொல்லப்பட்ட குக்கரையே எடுத்தோம். மூன்றாவது விசிலில் கஞ்சி மேலே பீறிட்டு அடுப்பு, மேடை, சுவர் எல்லாவற்றிலும் தெறித்தது. மிஞ்சியதைப் பாத்திரத்துக்கு மாற்றி நீர்விட்டுக் கொதிக்க வைத்தோம். சிறிது நெய்யில் கறிவேப்பிலை தாளிக்கலாம் என்று தோன்ற, நெய் புகைந்து கண் எரிந்தது. முதலில் போட்ட உப்பு பொங்கி வெளியே போயிருக்கும் என்று நாமாகவே முடிவு செய்து மறுபடியும் உப்பிட்டோம்.

எட்டே முக்காலுக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ஒரு வாய் குடித்தார். சற்று நிறுத்தி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். முழுவதையும் குடித்தார். மாத்திரைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார்; பிறகு இன்னொரு தம்ளர் கேட்டார். நம் பங்கை வாயில் வைத்தபோதுதான் அந்த இரண்டாவது தம்ளரின் பொருள் விளங்கிற்று. அடுக்களை வாசலில் கரண்டியோடு நாம் நின்ற கோலத்தைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றார்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை நூல் படித்தோமே, அடுப்பைப் பற்றியும் நோயாளியின் உணவைப் பற்றியும் நம் நூல்கள் என்னதான் சொல்கின்றன என்று நினைவில் புரட்டத் தொடங்கினோம். இக்கட்டுரை அந்தப் புரட்டலின் விளைவு.

சமையல் நூல் யாருக்காக எழுதப்பட்டது?

சமையலுக்கு நூல் இருந்தது என்பதற்குச் சங்கப் பாட்டிலேயே சான்று உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை விருந்தைச் சொல்லும்போது, அருச்சுனனுக்கு மூத்தவனாகிய வீமன் செய்த நுண்ணிய நூலின் முறையிலிருந்து வழுவாமல் ஆக்கிய பலவகை உணவு என்று குறிக்கிறது. ஆக, தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய சமையல் நூற்குறிப்பு ஓர் ஆண் எழுதிய நூலைப் பற்றியது. சமைத்த இடமோ அரசன் வீடு.

அதே வீமன் விராடன் நகரில் மறைந்து வாழ்ந்தபோது சமையற்காரனாகவே வாழ்ந்தான். நளன் நாடிழந்து உருமாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் மடைத்தொழில் வல்லவனாகவும் இருந்தான். அவன் ஆக்கிய உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி அவனை இன்னான் என்று தேறினாள். இன்றும் நல்ல சமையலை 'நளபாகம்' என்கிறோம்; 'தமயந்தி பாகம்' என்று எவரும் சொல்வதில்லை. வடமொழியில் பாகதர்ப்பணம் என்னும் சமையல் நூலும் நளன் பெயராலேயே வழங்குகிறது. பிற்காலத்தில், 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் முறைகள் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் எழுதி வைக்கப்பட்டன. அதுவும் அரண்மனைதான்.

வீட்டு அடுப்படிக்கு வந்தால் நூல் இல்லை. ஆளுக்குப் பெயரும் இல்லை. நற்றிணையின் 120ஆம் பாட்டில் மாங்குடி கிழார் ஒரு மனைவியைக் காட்டுகிறார். அவள் வாளை மீனை அரிந்து வகைசெய்கிறாள். புகையால் கண் கலங்கியிருக்கிறது. நெற்றி வியர்வையை முன்றானையால் துடைத்துக்கொள்கிறாள். ஊடலில் இருக்கும் அவளுடைய சிரித்த முகத்தைக் காண வேண்டுமானால் விருந்தினர் யாராவது வந்தால் தேவலை என்று கணவன் விரும்புகிறான். அவள் சமைக்கிறாள், அவன் பார்க்கிறான். குறுந்தொகைப் பெண்ணுக்கும் கண்ணில் புகைதான்.

சிலப்பதிகாரத்தில் இன்னும் உருக்கமான ஓர் அடுக்களை உண்டு. மதுரையில் மாதரியின் மனையில் கண்ணகி சமைக்கிறாள். வளமான வாணிகர் வீட்டில் வளர்ந்தவள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நடந்தே வந்தவள். மாதரி கொடுத்த காய்களை வளைந்த அரிவாளால் நறுக்குகையில் அவளுடைய மெல்விரல்கள் சிவக்கின்றன. முகம் வியர்க்கிறது, கண்கள் சிவக்கின்றன. மாதரியின் மகள் ஐயை தீ மூட்டித் தருகிறாள். வாழைக் குருத்தை விரித்துக் கோவலனுக்கு உணவிடுகிறாள். அதுவே அவன் உண்ட கடைசி உணவு. உண்டு முடித்த பிறகுதான் அவன், தன்னால் அவள் பட்ட துன்பங்களையெல்லாம் எண்ணி வருந்திப் பேசுகிறான். பேசிவிட்டுச் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். காலம் கடந்த பேச்சு. இளங்கோவடிகள் அந்தக் காதைக்குக் கொலைக்களக் காதை என்று பெயரிட்டிருப்பதை மறந்துவிடலாகாது.

சுருங்கச் சொன்னால், சமையலைக் கலை என்று ஏட்டில் ஏற்றியபோது அது ஆண்களின் பெயரைத் தாங்கியது. நாள்தோறும் செய்யும் வேலையாக இருந்தபோது பெண்களின் கையோடு நின்றுவிட்டது. நம் வீட்டு உப்புக் கஞ்சிக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட பழக்கம் இருப்பதை அன்றிரவு உணர்ந்தோம். இதைச் சொல்வது தப்பித்துக்கொள்வதற்காக அன்று.

நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து வேண்டுவன செய்பவர் என்பது பொருள். மருத்துவருக்குச் சமமாக எண்ணி, பக்கத்தில் இருப்பவருக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அவருக்குரிய குணங்களை நான்காக எண்ணுகிறார்: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. வடமொழிச் சரக சங்கிதையும் மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்று கூறி, பணிவிடையாளருக்கு அன்பு, தூய்மை, திறமை, பணி அறிவு என்னும் நான்கு குணங்களை வேண்டுகிறது.

இந்த அளவுகோலை நமக்கே வைத்துப் பார்த்தோம். அன்பு இருந்தது. தூய்மையும் அடுப்பு மேடையைத் தவிர்த்தால் ஒருவாறு இருந்தது. மூன்றாவதிலேயே தவறிவிட்டோம். குக்கர் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னபடி செய்யவில்லை. அன்பு மட்டும் போதும் என்று பழைய உரையாசிரியர்கள் எண்ணவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சரக சங்கிதை இன்னொரு செய்தியும் சொல்கிறது. அரசர்க்கும் செல்வர்க்கும் சிகிச்சை தொடங்குமுன் நோயாளிக்கான மனையை அமைக்கும் முறையை விவரிக்கையில், அங்கே இருக்க வேண்டிய பணியாளருள் பருப்பும் சோறும் சமைக்க வல்லவரையும் சேர்க்கிறது. கஞ்சி வகைகளில் மட்டும் இருபத்தெட்டை அந்நூல் அடுக்கிச் சொல்கிறது. நாம் ஒன்றுக்கே திணறினோம்.

தமிழ்நாட்டில் கல்வெட்டுச் சான்று ஒன்று உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு, அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. வேதக் கல்லூரியோடு சேர்ந்து இயங்கிய 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. பதினைந்து நோயாளர்கள் தங்கலாம். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடை செய்யப் பெண்டிர் இருவர் என்று ஆட்கள் குறிக்கப்பட்டுள்ளனர். படுத்திருக்கும் பதினைவர்க்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு நாழி அரிசி. 'கைப்பிடி' என்றோ 'தாராளமாக' என்றோ கல்லில் வெட்டவில்லை. நாழி என்று அளந்து வெட்டியிருக்கிறார்கள். பெண்டிர் இருவர் பெற்ற ஊதியமும் நெற்கணக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சாலையில் பணிவிடைக்குக் கூலி உண்டு. வீட்டில் அதே பணிக்குக் கணக்கே இல்லை.

நோயுற்ற மனைவிக்காக உணவு தேடி அலைந்த கணவன் எவனும் நம் இலக்கியத்தில் இல்லையா என்று தேடியபோது, மணிமேகலையில் ஒருவன் அகப்பட்டான். விஞ்சையனாகிய காஞ்சனன். அவன் மனைவி காயசண்டிகை, பொதியில் மலைச் சாரலில் விருச்சிகன் என்னும் முனிவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசிநோய் அவளைப் பற்றுகிறது. காஞ்சனன் பழமும் கிழங்கும் காயும் தேடித் தேடிக் கொணர்ந்து கொடுக்கிறான். பசி தீரவில்லை. காவிரிப்பூம்பட்டினம் போ, அங்கே வறியவர்க்குச் சோறிடும் செல்வர் உண்டு என்று அவளை அனுப்பிவிடுகிறான். ஆண்டுதோறும் இந்திர விழாவின்போது வந்து பார்க்கிறான். மீதி ஆண்டுகளை எண்ணிக்கொண்டு திரும்புகிறான். கடைசியில் அவள் நோய் தீர்ந்தது மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து கிடைத்த சோற்றால்.

காஞ்சனனைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவன் அன்பு உண்மையானது. ஆனால் சாத்தனார் காட்டும் அவன் கையில் இருப்பவை பழமும் கிழங்கும் காயும். அடுப்பேறிய பண்டம் ஒன்றுமில்லை. மருத்துவமனைக் கட்டிலருகே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி அடுக்கிவிட்டு, வேறென்ன செய்வது என்று தெரியாமல் நின்ற நம்மை அவனிடம் கண்டோம்.

மிளகும் சீரகமும் சென்ற தொலைவு

நாம் கெடுத்த கஞ்சி சாதாரணமானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563ஆம் ஆண்டு அங்கேயே ஒரு நூலை அச்சிட்டார். வாந்திபேதி நோயாளிகளுக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சி நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்றும், அதற்குக் 'கஞ்சி' என்று பெயர் என்றும் அதில் எழுதுகிறார். ஏறத்தாழ நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட கலவையைத்தான் நம் துணைவியார் படுக்கையிலிருந்து சொன்னார். அவர் ஓர்ட்டாவைப் படித்தவரல்லர். தம் தாயிடம் கேட்டவர்.

அந்தச் சொல் கடல் கடந்தும் போயிற்று. போர்த்துகல்லிலும் பிரேசிலிலும் கோழியும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சும் சூப்புக்குக் 'கான்ஜா' என்று பெயர். நம் கஞ்சியிலிருந்து பிறந்த சொல் அது. அங்கும் அது உடல் தேறுவோர்க்கான உணவு. சொல் போன வழியில் அதன் வேலையும் கூடவே போயிருக்கிறது. அவ்வாறே மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயரிடம் 'மல்லிகட்டானி' என்று உருமாறியது. ஆனால் அவர்கள் அதில் இறைச்சியைச் சேர்த்து விருந்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் இங்கே எண்ணத்தக்கது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரின் வருகைக்குப் பிறகு இங்கே வந்தவை. மிளகாய் என்ற பெயரே மிளகை வைத்துக் கட்டிய பெயர். மிளகுக்குக் 'கறி' என்றும் பெயர். பெரும்பாணாற்றுப்படை, மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்ப்பதைச் சொல்கிறது. இன்று நம் வீடுகளில் எல்லாக் குழம்பிலும் மிளகாய் ஏறிவிட்டது. ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் விலக்குவது மிளகாயை. உருளைக்கிழங்கையும் பல வீடுகளில் விலக்குவார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பூண்டு, கறிவேப்பிலை, நொய்க் கஞ்சி என்று பத்தியச் சாப்பாடு பின்னோக்கிப் போகிறது. பாட்டன் காலத்துக்கும் முந்திய அடுக்களையை நோயாளியின் தட்டு இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைக் காப்பாற்றியவை ஏடுகள் அல்ல. பெண்களின் வாய்ச்சொல்லும் கைப்பழக்கமுமே.

அளவு எழுதிய அம்மையார்

அந்த வாய்ச்சொல்லை அளவோடு அச்சில் ஏற்றிப் புகழ்பெற்றவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவினர்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பதும் அவர் எழுதி அனுப்புவதும் வழக்கமாக இருக்க, இதை நூலாகவே எழுதலாமே என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. வேலையின் பொருட்டுக் குடும்பங்கள் பம்பாய்க்கும் தில்லிக்கும் பெயர்ந்த காலம். கேட்டால் பதில் சொல்ல அடுத்த அறையில் தாய் இல்லாத பெண்களுக்கு அந்நூல் தாயின் இடத்தில் இருந்தது. திருமணமாகிப் போகும் பெண்ணுக்கு அதைச் சீராகக் கொடுப்பார்கள். பிள்ளைக்குக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் வீட்டுப் பரணிலும் நம் தாயாரின் பழைய பிரதி ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை ஏணி போட்டு அதை எடுத்தோம். திறந்தால் ஆழாக்கு, பலம் என்று கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்ப்பாட்டில் படித்தது. ஓர் ஆழாக்கு நம் வீட்டுத் தம்ளரில் எவ்வளவு என்பது தெரியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்தன. ஓர் அம்மையார் அரும்பாடுபட்டு அளவு எழுதினார். சில ஆண்டுகளில் அளவையே மாறிவிட்டது. மறுபடியும் படுக்கையறைக்கே போய்த்தான் கேட்டோம். அவர் சிரிக்காமல் (தையல் இருந்ததால்), "உங்கம்மா அரிசி அளக்கற பித்தளை உழக்கு அலமாரியில இருக்கு, அதுல பாதி ஒரு ஆழாக்கு" என்றார். வீட்டின் அளவைநூலும் அவரே.

நாம் கேட்காத கேள்வி

இதுவரை சொன்னவை நூல்களில் கிடைத்தவை. எந்த நூலிலும் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது.

மூன்றாம் வாரம் ஓரிரவு, ரசம் ஒருவாறு பழகிவிட்ட பெருமையில், "இத்தனை வருஷத்துல உனக்குக் காய்ச்சல் வந்தப்பெல்லாம் நாம என்ன சாப்பிட்டோம்?" என்று கேட்டோம். ஓட்டலில் வாங்கியதாகவோ, அண்டை வீட்டார் கொடுத்ததாகவோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "நான் வெச்ச கஞ்சியைத்தான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அன்று, கேட்டதற்கு விடையாக. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் அடுப்பருகே நின்ற நாட்கள் அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாம் அந்தக் கஞ்சியை உண்டிருக்கிறோம். உப்புக் குறைவு என்று சொன்னதும் நினைவிருக்கிறது. உழைச்செல்வான் என்னும் நான்காவது இடம் நம் வீட்டில் இருபது ஆண்டுகள் காலியாகவே கிடந்திருக்கிறது. நோயாளியே அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லூரிக்குத் திரும்பியபின் குறுந்தொகை 167 மறுபடி வகுப்புக்கு வந்தது. இதுகாறும், கணவன் மனைவியின் கைப்பக்குவத்தில் மகிழ்ந்தான் என்றே சொல்லி வந்தோம். இம்முறை பாட்டைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குழம்பு நன்றாக இருந்தது என்று கூடலூர் கிழார் சொல்லவே இல்லை. அவன் இனிது என்றான் என்று மட்டுமே சொல்கிறார். குழம்பு எப்படியிருந்ததோ, அது நமக்குத் தெரியாது. பழக்கமில்லாத கை, கண்ணெல்லாம் புகை, பொறுமையோடு உண்ட ஒருவர், அவர் சொன்ன ஒரு சொல், அதைக் கேட்டு நுண்ணியதாக மலர்ந்த ஒரு முகம். அம்முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்பதை இப்போது நாம் அறிவோம். உப்புக் கரித்த கஞ்சிக்கு "நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்லக் கேட்டவர்கள் நாம்.

இப்பொழுது துணைவியார் முற்றும் தேறிவிட்டார். வாரத்தில் மூன்று இரவுகள் அடுப்பு நம் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறோம். கைப்பிடி, தாராளம், பார்த்து ஆகிய மூன்று சொற்களும் அதில் வரலாகாது என்பது விதி. விடுமுறைக்கு வந்த மகன் அதில் ஐந்து பக்கம் தன் கையால் படியெடுத்துச் சென்றான். முதல் பக்கத்தை அன்பர்களுக்கும் தருகிறோம்:

மிளகு சீரகக் கஞ்சி, இருவருக்கு. புழுங்கலரிசி நொய் அரைத் தம்ளர். எண்ணெய் விடாமல் மிதமான தீயில் 4 அல்லது 5 நிமிடம் வறுக்கவும். நொய் வெளுத்துச் சற்றே பொரிந்தாற்போல ஆவதே அடையாளம். அடிகனமான பாத்திரத்தில் அதே தம்ளரால் 4 தம்ளர் தண்ணீர் கொதித்த பின் நொய்யையும் 4 பல் பூண்டையும் போடவும். அடிக்கடி துழாவி, நொய் குழையும் வரை சிறுதீயில் வேகவிடவும். அரைமணி நேரம் ஆகும். மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, இரண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்க்கவும். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதன்படி நடக்கவும்; இல்லையேல் முக்கால் தேக்கரண்டி. இறக்கும்போது போடவும். ஒருமுறைதான்.